கிதாருக்கு இரும்புத் தந்தி அனுப்பிய மகனுக்கு

சாமு,

உன் கடிதமும் பார்சலும் நேற்று ஒன்றாகவே வந்து சேர்ந்தன. உனக்கு எழுதும்போது எப்போதும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இன்று அதற்கு மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன், அதை மறைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் எழுதினால் ஆண்டவரையும் சேர்த்து ஏமாற்றுவதாகும். பார்சலைப் பிரித்த உன் நைனா, “இன்னாமே இது, சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி கீது, எதுக்கு அனுப்பிக்கிறான் உன் புள்ள?” என்று கேட்டார். காகித உறைகளில் வட்டமாகச் சுற்றிய இரும்புத் தந்திகள். கூடவே சின்னதாக ஓர் ஊதல், ஊதினால் சரியான சுருதி கொடுக்குமாம். ஈஸ்டர் முடிந்து திருப்பதியில் நடக்கப்போகிற உன் கல்யாணத்துக்கு உன் ஆபீஸ் சிநேகிதன் எட்வின் கிதார் வாசிப்பான் என்றும், அவனுக்கு இரும்புத் தந்தியில்தான் கைப்பழக்கம் என்றும், அதனால் நான் பழைய தந்திகளைக் கழற்றிவிட்டு இவற்றைப் போட்டு நைனாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி: “அம்மா, அன்றைக்கு நீங்கள் ஒரு வேலையும் செய்யாமல் முன்வரிசையில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.” அந்த வரிதான் நேற்றிலிருந்து எனக்குச் செரிக்கவில்லை.

தந்தி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் உயிரோடு இருக்கும்வரை அந்த இரும்பு இந்தக் கிதாரில் ஏறாது. இது நரம்புத் தந்திக்கென்று செய்த கிதார். இப்போது நரம்பு கிடைப்பதில்லை என்பதால் மெல்லிய மூன்றுக்கு நைலானும், தடித்த மூன்றுக்குப் பட்டுநூல்மேல் வெள்ளிக்கம்பி சுற்றியதும் போடுகிறோம். அவையெல்லாம் சாதுவாக இழுக்கிறவை. இரும்பு அப்படியா? தந்திகளைக் கட்டுகிற குதிரை இருக்கிறதே, அது முன்பலகையில் வெறும் பசையால் ஒட்டியது, ஓர் ஆணிகூடக் கிடையாது. இரும்பை மாட்டி முறுக்கினால் முதலில் குதிரைக்குப் பின்னால் பலகை உப்பும். அப்புறம் ஒருநாள், யாரும் தொடாமலே, பலகையின் தோலையும் உரித்துக்கொண்டு குதிரை கையோடு வந்துவிடும். கழுத்து வளைந்துபோய், அதில் வரிசையாகப் பதித்த மெட்டுக் கம்பிக்கும் தந்திக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற சந்து விழும். இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. அரை டவுசர் போட்ட காலத்திலிருந்து இந்தப் பெட்டியைத் துடைத்து வளர்ந்தவன் நீ. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய். ஒரு நாள் கூத்துக்காக இதன் முதுகெலும்பை முறிக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதை எனக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிய துரைசானியம்மா, எங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், போகும்போது வெயிலில் வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சித்தூரில் வெயிலில் வைக்காமல் ஒரு பொருளை எங்கே வைப்பது? நிழலும் இங்கே வெயில்தான். மற்றதையெல்லாம் நானே கெட்டும் பட்டும்தான் கற்றுக்கொண்டேன். மாசி பங்குனியில் மரம் காய்ந்து பலகையில் முடிபோல வெடிப்பு விடும் என்று தெரிந்துகொண்டு, ஓட்டை போட்ட சோப்புப் பெட்டிக்குள் ஈரத்துணியை வைத்து, அதைக் கிதார்ப் பெட்டியின் மூலையில் போட்டு மூடினேன். ஐப்பசி மழையில் அதையே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த வேட்டித்துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியிலும் சேர்த்து வழிக்க வேண்டும், விரல் வியர்வைதான் தந்தியைத் தின்கிற முதல் பூச்சி. ஒரு தடவை உன் நைனா, தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருப்பும்போது கீச்சென்று கத்துகிறதே என்று பரிதாபப்பட்டு, எனக்குச் சொல்லாமல் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டார். எண்ணெய் கழுத்து வழியாக மெட்டுகளில் இறங்கிற்று. மறுநாள் ஆராதனையில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது எறும்புச் சாரை ஒன்று கிதாரிலிருந்து என் மணிக்கட்டுக்கு ஏறி, ஜாக்கெட் கைக்குள் போயிற்று. நான் நிறுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை கடி வாங்கிக்கொண்டே வாசித்தேன். வீட்டுக்கு வந்து உன் நைனாவை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதற்கப்புறம் ரொம்ப காலம் அவர் அந்தப் பெட்டியின் பக்கமே வரவில்லை. அது எனக்கு இப்போது நினைத்தாலும் வருத்தம்தான். நாளைக்கு உன் பெண்டாட்டியாக வரப்போகிற ரூத் உன் சாமான் எதற்காவது அன்பாக எண்ணெய் விட்டு வைத்தால், முதலில் சிரித்துவிட்டு அப்புறம் துடை.

சுருதி சேர்ப்பதை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நீ என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? ஒரு தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த தந்தியின் சுரம் கிடைக்கும், மூன்றாம் தந்தியில் மட்டும் நாலாம் மெட்டு என்று படித்துப் படித்துச் சொல்வேன். நீ அந்த ஓர் இடத்தை மறந்துவிட்டு இரண்டாம் தந்தியை ஏற்றிக்கொண்டே போவாய். அது ஒருநாள் பட்டென்று அறுந்து உன் கன்னத்தில் கோடு இழுத்தது. அதற்கும் என்னைத்தான் முறைத்தாய். அவசரக்காரன் நீ. சுரம் மேலே தாண்டிப் போய்விட்டால் அங்கிருந்தே லேசாக இறக்கி நிறுத்திவிடுவாய். அப்படி நிறுத்தினால் பாட்டு நடுவில் நழுவிவிடும். தாராளமாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டு தந்தியின் ஒலியும் நெருங்கும்போது வாவ் வாவ் என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். அலை நிற்கிற இடத்தில் நிறுத்து. புது நைலான் என்றால் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சலிக்காமல் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டுப் பாதிரியார் அழகாகப் பிரசங்கம் செய்வார். எனக்கு அந்த வேலை வேண்டாம். நான் தந்தியைப் பற்றித்தான் சொல்கிறேன். அந்த அலை என்று சொன்னேனே, அதை ஞாபகத்தில் வைத்துக்கொள், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

நீ கிறிஸ்மஸுக்கு வந்திருந்தாய். ரூத்தின் அப்பா ஆசீர்வாதம் காருவும் பெண்பேச்சு நடந்துகொண்டிருந்ததால் குடும்பத்தோடு திருப்பதியிலிருந்து வந்திருந்தார். நம் கோயிலில் மற்ற ஞாயிறுகளில் தமிழ் ஆராதனை முதலில், தெலுங்கு ஆராதனை பிறகு. கிறிஸ்மஸில் மட்டும் இரண்டு சபையும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ராகத்தை அவரவர் பாஷையில் சேர்ந்து பாடும். எந்த வருஷமும் அதில் தகராறு வந்ததில்லை. ஆனால் போன வருஷம் மதராஸ், ஆந்திரா எல்லை முடிவான வருஷம். திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, சத்தியவேடு ஆந்திராப் பக்கம் வருகிறது என்று ஆனபிறகு ஊரில் எதைத் தொட்டாலும் அதில் எல்லைக்கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற இடத்தில்கூட யார் எந்தப் பக்கம் என்று பார்த்தார்கள். தெலுங்குப் பக்கத்துக்கு ஆர்மோனியம், அதில் ஆசீர்வாதம் காரு உட்கார்ந்தார். தமிழ்ப் பக்கத்துக்கு என் கிதார். முதல் பாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள்ளேயே கசந்துவிட்டது. கிதாரை ஒட்டி உட்கார்ந்தவர்கள் ஒரு சுருதியில், ஆர்மோனியத்தை ஒட்டி உட்கார்ந்தவர்கள் இன்னொரு சுருதியில். நடுவில் உட்கார்ந்தவர்கள் பாவம், வாயை மட்டும் அசைத்தார்கள்.

பிரசங்கத்துக்கு முன்னால் பிள்ளைகள் நாடகம் இருந்ததால் கிதாரைக் கோயில் பின்னறையில் வைத்துவிட்டு நானும் மற்றப் பெரியவர்களும் கொஞ்சம் வெளியே வந்தோம். அங்கே நம் தமிழ்ச் சபை மூப்பர், “அவங்களுக்கு எல்லாமே மேல மேல வேணும். சத்தியவேட்டைத் துன்னாச்சு, இப்ப சுருதியையும் இஸ்துக்கினு போறாங்க” என்றார். அவர் பேச்சைக் கேட்ட ஒரு தெலுங்குக்காரர், “திருத்தணி தீஸ்குன்னாரு கதா, அதி சாலதா?” என்று கேட்டார். திருத்தணியை வாங்கிக்கொண்டது போதாதா என்று. நம்மவர்கள் பாட்டையே கீழே இழுக்கிறார்கள் என்பது அவர்கள் கட்சி. யாராவது ஒருத்தர் நடுவில் வந்து தந்தியைத் தட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்திருக்கும். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. பாட்டு கெட்டதற்கு ராஜ்யம்தான் காரணம் என்று இரண்டு கட்சியும் ஒரே மனதாக நம்பிற்று. நானும் சும்மா நிற்கவில்லை. “ஆர்மோனியத்தை ஒரு கட்டை ஏத்தி வச்சிக்கினு எங்களைச் சொன்னா எப்படி?” என்று கையை ஆட்டிக்கொண்டு பேசினேன். ஆசீர்வாதம் காரு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, தம் ஆட்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். நீ அப்போது அங்கே இல்லை. நீ எங்கே போயிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிரசங்கம் முடிந்து கிதாரை மடியில் எடுத்து வைத்தேன். அடுத்த பாட்டுக்கு விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது. மிக மெல்லிய தந்திகள் இரண்டும் நான் விட்டுப்போன மாதிரி இல்லை. விரல் நுனியில் விறைப்பாக நின்றன. காது என்ன சொன்னாலும் சரி, இத்தனை வருஷம் அழுத்திய விரல் பொய் சொல்லாது. யாரோ என் கிதாருக்குச் சுருதி சேர்த்திருக்கிறார்கள். உன்னைப் பார்த்தேன். நீ பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு பாடிய பாட்டெல்லாம் தேன். இரண்டு பாஷையும் ஒரே தொண்டையில் வருகிற மாதிரி வந்தன. மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் கடைசி ஜெபத்தில், தம் பிரசங்கத்தைக் கொண்டு இரண்டு ஜனத்தையும் ஆண்டவர் ஒருமனப்படுத்தினார் என்று நன்றி சொன்னார். நீ எல்லாரையும் விட உரக்க ஆமென் சொன்னாய். வீட்டுக்கு வரும் வழியில் நான் உன் வாயைக் கிளறிப் பார்த்தேன். “காலைல சுருதி கொஞ்சம் சரியில்லையாடா?” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லமா, நீ நல்லாத்தான் வாசிச்ச” என்றாய். அந்த இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது, சாமு. தந்தி இறங்கியிருந்தது எனக்கு அவ்வளவு பெரிதில்லை. நீ என்னை ஆறுதல் சொல்ல வேண்டிய ஆளாக்கிவிட்டாய்.

நீ மதராஸுக்குத் திரும்பியதும் நான் என்னைச் சோதித்துப் பார்த்தேன். போன ஐப்பசியில் காய்ச்சலோடு வந்த காதுவலி உனக்குத் தெரியும். வலி போயிற்று, போகும்போது அந்த அலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு கேட்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது, உன் நைனா குறட்டையும் குறைவில்லாமல் கேட்கிறது. ஆனால் மெல்லிய தந்தி இரண்டையும் சேர்த்துத் தட்டினால், சேர்ந்துவிட்டதும் சேரப்போவதும் எனக்கு ஒன்றாகவே இருக்கிறது. கீழிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறேன் அல்லவா, சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சேர்ந்துவிட்டதென்று நிறுத்திவிடுகிறேன். அதனால்தான் தாழ்ந்தே நின்றது. டாக்டரிடம் போனேன், காதைக் கழுவி, விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, வயதுக்கு இது சகஜம் என்றார். எனக்குச் சகஜம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. சுருதி சேர்க்கத் தெரிந்தவள் என்பதால்தான் இந்த ஊரில் எனக்கு ஓர் இடம். அது போனபின் கோயிலில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

சும்மா விட்டுவிடவும் இல்லை. உன் நைனாவை எதிரில் உட்காரவைத்து, “சேர்ந்துச்சா சொல்லு” என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “சேர்ந்த மாதிரிதான் கீது” என்றார். இறக்கிவிட்டுத் தட்டினேன், அதற்கும் “இதுவும் சேர்ந்த மாதிரிதான் கீது” என்றார். பிரடையையே திருப்பிவிட்டுக் கேட்டேன், “உனக்கு எது பிடிக்குதோ அதை வச்சிக்கோமே” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அப்புறம் துரைசானியம்மா வேடிக்கைக்குக் காட்டிய ஒரு வித்தை நினைவுக்கு வந்தது. காகிதத் துணுக்கை மடித்து ஒரு தந்தியின்மேல் இரண்டு பக்கமும் தொங்கும்படி வைத்துவிட்டு, பக்கத்துத் தந்தியில் அதே சுரத்தைத் தட்டினால், இரண்டும் சேர்ந்திருக்கும்போது காகிதம் தானாக நடுங்கிக் கீழே விழும். காதில்லாமல் கண்ணாலேயே சுருதி சேர்க்கலாம் என்று நினைத்தேன். தடித்த தந்திகளில் வந்தது. மெல்லிய தந்திகளில், கிட்டத்தட்ட வந்தாலே காகிதம் விழுந்து தொலைக்கிறது. கிட்டத்தட்டவில்தான் எனக்குத் தகராறே. நீ அனுப்பிய ஊதலும் அப்படித்தான். ஊதிப் பார்த்தேன், தந்தியைத் தட்டினேன், இரண்டும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. ஊதலைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். உன் நைனா வாங்கி, பத்திரமாக எங்கேயோ வைத்துவிட்டார்.

இப்போது நீ செய்திருப்பதைப் பார். அம்மாவுக்குக் காது போய்விட்டது, அவளை வாசிக்கவிட்டால் மாமனார் வீட்டார் முன்னால் மானம் போகும் என்று உனக்குப் பயம். ரூத்தைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வரவேண்டியவர் ஆசீர்வாதம் காரு, அதனால் அன்றைக்கு ஆர்மோனியம் கிடையாது, கிதார் ஒன்றுதான் துணை, அது தப்பினால் எல்லாம் தப்பும். பயம் நியாயம்தான், அதை நான் குற்றம் சொல்லவில்லை. அதை ஒரு கடிதத்தில் நேராக எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். நீ அதை மென்று விழுங்கிவிட்டு, எட்வினுக்குக் கைப்பழக்கம், அம்மாவுக்கு ஓய்வு, முன்வரிசை, ராணி என்று பூசி மெழுகி, கடைசியில் என் காதைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாகக் கிதாரையே உடைக்க ஏற்பாடு செய்திருக்கிறாய். இது அன்புதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இவ்வளவு ஆத்திரம் வருகிறது. அன்பில்லாதவன் செய்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

யாருக்குத் தெரியக்கூடாது என்று நீ ஒளித்தாயோ அவருக்கு அன்றைக்கே தெரியும். போன வாரம் ஆசீர்வாதம் காரு கல்யாண ஏற்பாடு பேச வந்திருந்தார். காபி குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். “வதினகாரு, தப்புகா அனுகோகண்டி. கிறிஸ்மஸ் ரோஜு மீ பை ரெண்டு தீகலு கொஞ்செம் தக்கினாயி.” தப்பாக நினைக்காதீர்கள், அன்றைக்கு உங்கள் மேல்தந்தி இரண்டும் கொஞ்சம் இறங்கியிருந்தன என்று. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே கையை ஆட்டிப் பேசியதெல்லாம் கண்முன் வந்தது. காது சரியில்லை என்றேன். அவ்வளவுதான், சொல்லிவிட்டேன், வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, தம் ஆர்மோனியத்தில் ஒரு ரீடு பேசவே மாட்டேன் என்கிறது, அந்த இடம் வரும்போதெல்லாம் தாம் வாயால் பாடிச் சமாளிப்பதாகச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். போகும்போது வாசலில் நின்று, “பெள்ளிலோ மீரே வாயிஞ்சாலி” என்றார். கல்யாணத்தில் நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று சம்பந்தி சொல்கிறார். என் வயிற்றில் பிறந்தவன், வேண்டாம் உட்கார் என்று பார்சல் அனுப்புகிறான். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

ரூத்துக்கு உன்னிடம் ஏதாவது கசந்தால், அல்லது அவள் செய்வது உனக்குக் கசந்தால், அவள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பின்னறையில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து ஆமென் சொல்லாதே. அதைத்தான் நான் இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல வந்தேன், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். நீ சேர்த்துவைத்தது சரியாகவே இருக்கலாம், பாட்டும் நன்றாகவே நடக்கலாம். ஆனால் அவள் கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நீ சிரித்துக்கொண்டு சொல்கிற எந்த நல்ல வார்த்தையையும் அவளால் நம்ப முடியாது. நானே உன் வார்த்தைகளைக் கிறிஸ்மஸிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெற்றவளுக்கே இப்படி என்றால் வந்தவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசி.

அதனால் ஏற்பாட்டை நான் மாற்றுகிறேன். எட்வின் வரட்டும், சாப்பிடட்டும், பாடட்டும். மதராஸில் அவனுக்கென்று கிதார் இருந்தால் அதை எடுத்து வந்து விருந்தில் வாசிக்கட்டும். கோயிலுக்கு என் கிதார் இரும்பில்லாமல்தான் வரும். நைனாவிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். தந்தியெல்லாம் தளர்த்தி, துணி சுற்றி, பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு நானே வருவேன். சந்திரகிரிச் சாலையில் அந்த பஸ் குலுக்குகிற குலுக்கலுக்கு வேறு யார் மடியையும் நான் நம்புவதில்லை. முந்தின நாள் சாயங்காலம் கோயிலில் ஒத்திகை என்று ஆசீர்வாதம் காரு சொல்லியிருக்கிறார். நீ ஆபீஸில் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு அதற்கு வந்துவிடு. ஒத்திகையில் நான் பாட்டுக்குப் பாட்டு வாசித்துக்காட்டுகிறேன். தாளம் தப்பினால் சொல், விரல் தடுமாறினால் சொல். எல்லார் முன்னாலும் சொல். ஒருநாள் கையும் போய்விட்டால் அன்றைக்கும் நீதான் வந்து சொல்ல வேண்டும், என் முகத்தைப் பார்த்து. அன்றைக்கு நான் தகராறு செய்யாமல் முன்வரிசைக்குப் போய்விடுவேன்.

கல்யாணத்தன்று காலையில் ஜனங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, நீ மாப்பிள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, பின்னறையில் இல்லை, என் பக்கத்தில் உட்கார். ரூத் வீட்டாரும் நம் மூப்பரும் பார்க்கட்டும். உன் கோட்டு கசங்கினால் கசங்கட்டும். கிதாரை உன்னிடம் தருகிறேன். இதுவரை நான் யாருக்கும் தராத வேலை அது, தரும்போது எனக்கு அழுகை வந்தாலும் நீ நிறுத்தாதே. நிதானமாகச் சுருதி சேர். சேர்த்ததும் என் மடியில் வை. வைத்துவிட்டுப் போய் மாப்பிள்ளையாக நில், நான் வாசிக்கிறேன்.

உன் அம்மா